விற்கக் கூடாத புத்தகம்

2024 பிப்ரவரி 14, விபூதி புதன்கிழமை, காலை பத்தரை மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் போகும் தெருவில் உள்ள பாணி புத்தக நிலையத்தில், ஆன்மிகப் பிரிவின் ஐந்தாவது தட்டில் நாற்பது கிறிஸ்தவச் செபப் புத்தகங்கள் அடுக்கப்பட்டன. கடை தொடங்கி முப்பத்தோரு ஆண்டுகளில் அப்படிப்பட்ட புத்தகம் அங்கே வந்தது அதுவே முதல்முறை.

அடுக்கியவள் சவுரியம்மாள். வயது நாற்பத்தெட்டு. விடிகாலைப் பூசையில் சாமியார் பூசிவிட்ட சாம்பல் நெற்றியில் இன்னும் அழியாமல் இருந்தது. விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து மாலையில் பஸ் பிடித்துப் போகிறவள். கடையில் பத்தொன்பது வருடம். ஆன்மிகப் பிரிவு அவள் பொறுப்பு. ஆடி மாதம் பிறந்தால் அம்மன் புத்தகங்களைக் கண் மட்டத்துக்கு ஏற்றுவாள். கார்த்திகையில் அம்மன் கீழே இறங்கி ஐயப்பன் மேலே வருவார். மார்கழியில் கோலப் புத்தகமும் பாசுரமும் பக்கத்தில் பக்கத்தில். பிள்ளை வரம் கேட்டு வருகிற பெண்ணுக்கு எது, கடன் தீர எது, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்தில் எது என்று அவளுக்கு மனப்பாடம். "சவுரி சொல்லுச்சின்னா சரியா இருக்கும்" என்று மயிலத்திலிருந்துகூட ஆள் வருவார்கள். அவள் கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பார்த்துவிட்டு யாரும் இதுவரை வேறு கடைக்குப் போனதில்லை.

கிறிஸ்தவர்களும் கடைக்கு வருவார்கள். தேர்வு கைடு வாங்குவார்கள், சமையல் புத்தகம் வாங்குவார்கள். செபப் புத்தகம் கேட்க மாட்டார்கள். அதற்கு மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே கடை இருக்கிறது. சாமி புத்தகம் என்றால் சாமி இருக்கும் இடத்தில் வாங்குவதுதானே என்று சவுரியம்மாளும் நினைத்துக்கொண்டிருந்தாள், துரைக்கண்ணு வரும்வரை.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு நாள் அவர் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, தேய்த்த அரைக்கைச் சட்டை, அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். ஆன்மிகத் தட்டுகளின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். கையில் ஒரு முருகன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"யக்கா, செபம் இருக்கிற புஸ்தகம் எதனா இருக்குதா? பெரிய எழுத்துல?"

"அது இங்க வர்றதில்லீங்க சார். கோயில்ல கெடைக்கும்."

"கோயில்ல கெடைக்கும்னு தெரியும்" என்றார் அவர். முருகன் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவரை அவளுக்கு முகம் தெரியும். அதே காலைப் பாசஞ்சரில் அடுத்த பெட்டியில் சீட்டு விளையாடிக்கொண்டு வரும் கூட்டத்தில் ஒருவர். கோலியனூர்க்காரர், திண்டிவனத்தில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. அவர் ஏன் கோயில் கடைக்குப் போக முடியாது என்று யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளும் அதே சாதி. இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் இருந்தால் இட ஒதுக்கீட்டில் ஒரு கணக்கு, கிறிஸ்தவர் என்று இருந்தால் வேறு கணக்கு. இந்து என்று எழுதி வேலைக்குப் போனவர் கிறிஸ்தவர் என்று தெரிந்தால் சான்றிதழ் போகும், அதோடு வேலையும் போகும். அவளுடைய தம்பி சவுரிராயன் ஒளிக்காமல் கிறிஸ்தவன் என்று எழுதிக் கொடுத்தான். இரண்டு மார்க்கில் வேலை போயிற்று. இப்போது சென்னையில் கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருக்கிறான். துரைக்கண்ணு போன்றவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் அவளுக்கு வாய் கசக்கும். ஆனாலும் அந்த மனிதர் முருகன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிய விதம் ரயிலில் போகும்போதும் வரும்போதும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முதலாளியிடம் கேட்டாள். கோதண்டபாணி திருமண் இட்டவர், காலையில் கல்லாவுக்குக் கற்பூரம் காட்டாமல் உட்கார மாட்டார்.

"இம்மா வருஷம் கேக்காத நீ இப்ப ஏன் கேக்கிற?"

"ஒரு ஆளு கேட்டுக்கினு வந்தாரு மொதலாளி. நம்மகிட்ட இல்ல."

"ஒரு ஆளு கேட்டாருன்னு ஒரு தட்டா?" சிரித்தார். "சரி, வெய்யி. அஞ்சாவது தட்டுல பஞ்சாங்கம் பழசு கெடக்குது, அத எடுத்துடு. புஸ்தகம்னு வந்துட்டா நமக்கு எல்லாம் புஸ்தகம்தான். ஆனா கீழ்த் தட்டுல வெக்காத. ஆளுங்க கால் படும்."

பெட்டி பாண்டிச்சேரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். புது வண்டி வாங்கினால் சாமியார் மந்திரிப்பார், புது வீடு என்றால் மந்திரிப்பார், செபமாலை, சுரூபம், விதைக்கு வைத்த மல்லாட்டைக் கடலைகூட மந்திரித்துத்தான் எடுத்துப் போவார்கள். முதன்முதலாகக் கடைக்குப் போகிற பெட்டி வெறுமனே போகலாமா? பூசை முடிந்ததும் பெட்டியைக் கோயிலுக்குத் தூக்கிப் போய்ப் பீடத்துக்கு முன்னால் வைத்துத் திறந்து காட்டினாள். சாமியாருக்கு அடுத்த ஊரில் பூசை. யாருக்கோ இலவசமாகக் கொடுக்கும் புத்தகங்கள் என்று நினைத்திருப்பார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு வண்டி ஏறினார். மேலே இருந்த புத்தகங்களின் அட்டையில் துளிகள் விழுந்து ஊறின. அவள் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

ஒரு மாதம் ஆவதற்குள் ஒன்பது புத்தகங்கள் விற்றன. வாங்கியவர்களில் கல்லூரிப் பெண் ஒருத்தி, மருந்துக் கடைக்காரர் ஒருவர். இன்னொருவர் பக்கத்துத் தெரு ஐயர் வீட்டு மருமகள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவளாம், பழைய பாட்டெல்லாம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்கிப் போனாள். துரைக்கண்ணு மட்டும் வரவில்லை. ரயிலில் அவரைப் பார்ப்பாள். சீட்டாட்டக் கூட்டத்துக்கு நடுவே போய் என்ன சொல்ல முடியும்?

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை, விழுப்புரம் கோயிலில் ஞானப்பாடம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆரோக்கியராஜ் பேத்திக்கு ஓவிய நோட்டு வாங்கக் கடைக்கு வந்தார். தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"பரவாயில்லியே சவுரி. அய்யப்பன் பக்கத்துலயே நம்ம ஆண்டவருக்கு எடம் புடிச்சிட்டியே."

"எல்லாம் மொதலாளி மனசு அண்ணே. நம்ம சாமியாரே மந்திரிச்ச பெட்டிதான் இது."

உபதேசியாரின் முகம் மாறியது. "மந்திரிச்சதையா விக்கிற?"

"ஏன் அண்ணே?"

"அடிப் பாவி, மந்திரிச்ச பொருள விக்கலாமா? கோயில் கடைல எப்பவாவது மந்திரிச்ச செபமாலை வித்துப் பாத்திருக்கியா? வாங்கினு போயித்தான மந்திரிப்பாங்க? வித்தா அருள் போயிடும். வித்தவங்களுக்குப் பாவம். இது கூடத் தெரியாதா? எத்தினி வித்த?"

"ஒன்பது."

"ஒன்பதா!" நோட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அவளுக்கு அது தெரியும். அதுதான் விஷயம். சிறுவயதில் முகையூர்த் திருவிழாவில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறாள். கடையில் வாங்கிய செபமாலையை ஓடிப் போய்ச் சாமியாரிடம் நீட்டுவதுதான் வழக்கம். ஆனால் கடை என்றால் வாங்குகிறவளாகவே நின்று பழகியவளுக்கு, விற்கிற பக்கத்தில் நிற்கும்போது அது தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் இல்லை என்றாள். தட்டில் முப்பத்தொரு புத்தகங்கள் கண்ணுக்கு எதிரே இருக்க, "அது விற்பனைக்கு இல்லீங்க" என்றாள். கோதண்டபாணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது பேஜாரு? விக்கிற கடைல விக்கக் கூடாத புஸ்தகமா?"

"ரெண்டு நாள் டைம் குடுங்க மொதலாளி. சாமியாரக் கேட்டுட்டுச் சொல்றேன்."

சாமியார் தியானத்துக்கு வெளியூர் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரம், முதலாளி வீட்டுக்குப் போயிருந்தபோது, துரைக்கண்ணு வந்தார்.

இந்த முறை வேறு எந்தப் புத்தகத்தையும் கையில் எடுக்கவில்லை. ஐந்தாவது தட்டிடம் நேராக வந்து நின்றார். ஒரு செபப் புத்தகத்தை எடுத்து விரித்து, எழுத்தின் அளவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"இது ஒண்ணு குடுங்கக்கா."

"சார், அது மந்திரிச்ச புஸ்தகம். விக்கக் கூடாது."

"மந்திரிச்சதா?" அவர் குரல் தாழ்ந்தது. "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. எங்க அம்மா படுத்துக்கினு இருக்குது. டாக்டரு வீட்டுக்குக் கூட்டினு போவச் சொல்லிட்டாரு. ஒரு செபப் புஸ்தகம் குட்ரா, தலமாட்டுல வெச்சிக்கிறேன்னு ராத்திரி பகலா கேக்குது."

"வித்தா பாவம் சார். நீங்க கோயில் கடைலயே கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவள் காதில் விழுந்தது. அவர் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, முதுகு மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும்படி, பார்த்து வைத்தார். படியிறங்கிப் போனார்.

சும்மா எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடத்தில் பில் போடாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு பென்சில்கூட அவள் கையால் வெளியே போனதில்லை. அதுதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் இரவில் படுத்தால் வேறொன்றும் உறுத்தியது. கோயில் கடைக்குப் போ என்று சொன்னபோது தன் குரலில் இருந்தது பாவத்துக்கான பயம் மட்டும்தானா? தம்பி சாரத்தில் நிற்கிறான், நீ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய், போய்க் கோயில் வாசலில் நின்று கேள் என்கிற ஒன்று அதில் இருந்ததா? யோசித்துப் பார்த்தாள். இருந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். முறை வந்ததும் மண்டியிட்டு இரண்டையும் சொன்னாள், ஒன்பது புத்தகம் விற்றதையும் ஒரு மனிதரைத் திருப்பி அனுப்பியதையும்.

"மந்திரிச்சதச் சொல்லி வெல ஏத்தி வித்தாத்தான் பாவம்" என்றார் சாமியார் தடுப்பு வலைக்கு அந்தப் பக்கமிருந்து. "நீ ஏத்துனியா?"

"இல்ல சாமி. போட்ட வெலைதான்."

"அப்ப பாவம் இல்ல. வித்துட்டா மந்திரிச்சது போச்சு, அது வெறும் புஸ்தகம். அவ்ளோதான். வாங்கினவங்க திரும்ப மந்திரிச்சுக்கலாம். மிச்சத்த வித்துக்கோ."

"அந்த சாருக்கு மந்திரிச்சதாவே வேணுமாம் சாமி. அவரு இங்க வந்து மந்திரிச்சுக்க முடியாது."

சாமியார் வலைக்குக் கிட்டே குனிந்தார்.

"அப்ப சும்மா குடு. குடுத்தா போவாது."

மறுநாள் முதலாளியிடம் கேட்டாள். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "ஒண்ணு எடுத்துக்கினு போயேன். அட்டைல தண்ணி பட்டு உப்பிக்கினு இருக்குதே, அதுல ஒண்ண எடு, அத எவனும் வாங்க மாட்டான்" என்றார். "இதுக்காம்மா பத்து நாளா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்த?"

புத்தகத்தைக் கடையின் பெயர் அச்சிட்ட காகிதப் பையில் போட்டு, மேலே ஒட்டினாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விழுப்புரம் மூன்றாவது நடைமேடையில் அந்தச் சீட்டாட்டக் கூட்டத்தைத் தேடினாள். கூட்டம் இருந்தது, அவர் இல்லை. தாமதமாகிவிட்டதோ? யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது?

புதன்கிழமை அவர் இருந்தார். சவரம் செய்யாத முகம். ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், சீட்டு கையில் இல்லை. முண்டியம்பாக்கம் தாண்டும்வரை சவுரியம்மாள் எதிர் வரிசையில் நின்றாள். விக்கிரவாண்டியில் கொஞ்சம் இடம் விட்டது. கிட்டப் போனாள்.

"சார், கடைல புஸ்தகம் ஆர்டர் குடுத்தீங்களே. வந்துடுச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கை நீளவில்லை. பக்கத்தில் சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்த சுப்பராயலு, அதே அலுவலகத்துக்காரர், பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா துரை, புஸ்தகம்லாம் படிக்கிற? பிரமோஷன் பரீட்சையா? சொல்லவே இல்ல?"

"ஆன்மிகம்" என்றார் துரைக்கண்ணு.

"சாமியாராப் போவப் போறியா? போ, போ. உன் சீட்டுக்கு நான் வந்துடறேன்." கூட்டம் சிரித்தது. "பில்லு வாங்கிக்கோ. இப்பல்லாம் எதுக்கும் பில்லு இல்லாம கையில வெச்சிருக்கக் கூடாது."

துரைக்கண்ணுவும் சிரித்தார், மற்றவர்கள் நிறுத்தியதும் நிறுத்திக்கொண்டார். "ஆமா. பில்லு வேணும்" என்றார் அவளிடம். "கடைக்கே வந்து வாங்கிக்கிறேன். நீங்களே வெச்சிருங்க."

திண்டிவனத்தில் இறங்கி இருவரும் பத்தடி இடைவெளி விட்டு நடந்தார்கள். கடையின் ஷட்டரை அவளே தூக்கினாள். முதலாளி வர இன்னும் அரை மணி நேரம். மின்விளக்கைப் போட்டுவிட்டு, காகிதப் பையை மேசை மேல் வைத்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க சார்?"

"இருக்குது. ரெண்டு நாளா பேச்சு இல்ல. காது கேக்குது. நான் கிட்டப் போனா கண்ணத் தெறக்குது."

"எடுத்துக்குங்க. பில்லு வேணாம். சும்மா குடுக்கலாம்னு சாமியாரு சொல்லிட்டாரு. சும்மா குடுத்தா மந்திரிச்சது போவாது."

அவர் பையைத் தொடாமல் நின்றார்.

"எம்மேல ஒரு பெட்டிஷன் போட்டிருக்காங்க" என்றார். "யாருன்னு தெரியல. போன வருஷமும் ஒண்ணு வந்துச்சி, அப்ப அம்மா வெச்சிருந்த பழைய செபப் புஸ்தகத்த நான்தான் எடுத்துக்கினு போயி ஏரில போட்டேன். முகையூர்ல ஞானஸ்நானம் வாங்கினப்ப குடுத்தது. அதுகிட்ட சொல்லல. எங்கடா எங்கடான்னு ஒரு வருஷமா தேடுது." பையை ஒரு தரம் பார்த்தார். "இந்த வாரமோ அடுத்த வாரமோ வீட்டுக்கு விசாரணைக்கு வருவாங்க. புஸ்தகத்தப் பாத்தா எங்கேர்ந்து வந்திச்சுன்னு கேப்பாங்க. யாரோ குடுத்தாங்கன்னா யாரு, எந்தக் கோயிலுன்னு வரும். கடைல வாங்கினேன், முருகன் புஸ்தகமும் வாங்கினேன், இதுவும் வாங்கினேன்னு சொல்லலாம். ரெண்டுக்கும் ஒரே கடை பில்லு. அதான்."

சவுரியம்மாள் தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஏழெட்டு வருடமாக மனதில் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் இப்போது வரவில்லை.

"பில்லு போட்டா வித்ததாயிடும் சார். மந்திரிச்சது போயிடும். வெறும் புஸ்தகம்தான்."

துரைக்கண்ணு வாசல் பக்கம் திரும்பினார். வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"அம்மாவுக்கு அது தெரிய வேணாம்" என்றார். "நீங்க மந்திரிச்சதுன்னு சொன்னீங்க. நான் அதான் சொல்லப் போறேன்."

அவள் பில் புத்தகத்தை எடுத்து, கார்பன் தாளைச் சரிசெய்தாள். அந்தக் கடையில் புத்தகத்தின் பெயரை எழுதுகிற வழக்கம் இல்லை, பிரிவின் பெயரைத்தான் எழுதுவார்கள். 'ஆன்மிகம் – 1' என்று எழுதி, தேதி போட்டு, விலை எழுதி, கடை முத்திரையைக் குத்திக் கிழித்துக் கொடுத்தாள். அவர் பணத்தை வைத்தார். பில்லை நாலாக மடித்துப் பர்சுக்குள் போட்டுக்கொண்டு, பையை எடுத்தார்.

"வர்றேன்க்கா."

"அவங்க காதுகிட்ட வெச்சுப் படிங்க சார். மெதுவாப் படிச்சா போதும்."

"எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியாது. மறந்துபோச்சு."

அவள் பையின் ஓரத்தைப் பிரித்து, புத்தகத்தை எடுத்து, நோயாளிகளுக்கான செபம் தொடங்கும் பக்கத்தைத் தேடி, மேல் மூலையை மடித்துக் கொடுத்தாள். விற்பனைப் புத்தகத்தின் பக்கத்தை அவள் மடித்தது இதுதான் முதல்முறை.

அவர் போன பிறகு பில் புத்தகத்தின் கார்பன் பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே பக்கத்தில், முதல் நாள் போட்ட பில்களில் மூன்று 'ஆன்மிகம் – 1' இருந்தன. எது எந்தச் சாமி என்று அவளுக்கே நினைவில்லை. கோதண்டபாணி வந்து கற்பூரம் காட்டும்போது, மிச்சம் இருக்கும் முப்பதையும் இனி விற்கலாம் என்று சொன்னாள்.

துரைக்கண்ணுவின் அம்மா பாஞ்சாலி மார்ச் 30, சனிக்கிழமை மாலை, கோலியனூரில் தன் மகன் வீட்டில் இறந்தாள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, காலை பதினொரு மணிக்கு ஊர்ச் சுடுகாட்டில் எரித்தார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் ஏப்ரல் நான்காம் தேதி வந்து, வீட்டைப் பார்த்து, இரண்டு பில்களையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எட்டாம் தேதி திங்கட்கிழமை துரைக்கண்ணு மொட்டைத் தலையோடு காலைப் பாசஞ்சரில் வேலைக்குப் போனார்.